டியூபில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்!
வறண்ட, சொரசொரத்த தோலுக்கு எந்த யூரியா கிரீம்?

மார்கழி பிறந்ததும் டில்லிவாழ் தமிழர் வீடுகளில் ஒரு புகார் தவறாமல் கேட்கும். முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். முழங்கையில் சொரசொரப்பு. குதிகாலில் பித்தவெடிப்பு. இரவு ரஜாய்க்குள் கால் நீட்டினால் அரிப்பு.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருந்தவரை கிரீம் என்ற பேச்சே இருந்திராது. கடற்காற்றே தோலைப் பார்த்துக்கொண்டது. டில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நிலைமை மாறிவிடுகிறது.

பக்கத்து மருந்துக்கடைக்குப் போய், தெரிந்த இந்தியில் "பட்டீ ஏடி" என்று குதிகாலைக் காட்டினால் ஒரு டியூப் கைக்கு வரும். அதில் யூரியா இருக்கலாம். எத்தனை சதவீதம்? அதைக் கேட்பவர்கள் குறைவு. விஷயமெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரே பெயருள்ள மருந்து, ஓர் அளவில் தோலுக்கு நீர் சேர்க்கிறது. இன்னோர் அளவில் தோலையே உரிக்கிறது.

பனிமூட்டம் இருந்தும் வறட்சி ஏன்?

ஜனவரியில் டில்லி காலை வேளையில் எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. காற்றில் அத்தனை ஈரம் இருக்கும்போது தோல் ஏன் காய்கிறது என்ற சந்தேகம் எழுவது இயற்கை.

காரணம் எளிது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 8 டிகிரியில் சுமார் 8 கிராம்தான். அந்த 8 கிராமோடு நிரம்பிவிட்ட காற்றுதான் மூடுபனியாகத் தெரிகிறது.

அதே காற்று வீட்டுக்குள் வந்து, ஹீட்டரால் 25 டிகிரிக்குச் சூடானால், அது தாங்கக்கூடிய நீராவியில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறக்குறையத்தான் இருக்கும். மீதிக்கு அது தாகம் எடுத்த காற்று. கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். மனிதத் தோலும் அதற்கு விலக்கல்ல.

இதோடு கீஸர் வெந்நீர்க் குளியலும், நுரை பொங்கும் சோப்பும் சேர்ந்தால் தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையும் போய்விடுகிறது.

உரமும் இதுவும் ஒன்றா?

யூரியா என்றதும் பலருக்கு வயலில் போடும் உரம் நினைவுக்கு வரும். சிலருக்குச் சிறுநீர் நினைவுக்கு வந்து, முகம் சுளிக்கத் தோன்றும்.

யூரியா என்ற ரசாயனப் பொருள் ஒன்றுதான். ஆனால் கிரீமில் சேர்க்கும் யூரியா சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவதல்ல. 1828-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரெடரிக் வோலர் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார். இன்று அமோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தொழிற்சாலைகளில் தயாரிக்கிறார்கள்.

அதற்காக உர மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாசலினில் குழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. உர யூரியா மருந்துக்கு உரிய சுத்தத்தோடு தயாரிக்கப்படுவதல்ல. மேலும், நம் நாட்டில் 2015 முதல் அதன்மேல் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்பது சட்டம். அது பயிருக்கு. தோலுக்கு அல்ல.

யூரியா நம் தோலுக்குப் புதியதும் அல்ல. தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருள்களின் கலவை ஒன்று இருக்கிறது. அந்தக் கலவையில் சுமார் 7 சதவீதம் யூரியா. கரப்பான் நோய் உள்ளவர்களின் தோலில் இது குறைந்திருக்கும். குறைந்ததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் கிரீமின் முதல் வேலை.

1968-ல் ஸ்வீடன் நாட்டுத் தோல் மருத்துவர் குன்னார் ஸ்வான்பெக், மீன் செதில்போலத் தோல் படியும் 'இக்தியோசிஸ்' என்ற பிறவிக் கோளாறுக்கு யூரியா கிரீமைப் பயன்படுத்திக் கண்ட பலனை வெளியிட்டார். அதன் பிறகு உலகெங்கும் தோல் வைத்தியத்தில் இதற்கு நிலையான இடம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 5, 10 சதவீத யூரியா கிரீம் இடம்பெற்றிருக்கிறது.

எண் சொல்லும் சேதி

டியூபின்மேல் "யூரியா 10%" என்று இருந்தால், 100 கிராம் கிரீமில் 10 கிராம் யூரியா இருக்கிறது என்று பொருள். இந்த எண்ணை மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் படி, 10 சதவீதம் வரை. இது ஈரம் சேர்க்கும் அளவு. நீரை இழுத்துத் தோலின் மேலடுக்கில் நிறுத்திவைக்கும். குளிர்காலத்தில் வறளும் கை, கால், உடம்புக்கு இது போதும். தினமும் தடவலாம்.

இரண்டாம் படி, 20 முதல் 30 சதவீதம். இது ஈரமும் சேர்க்கும், செதிலையும் இளக்கும். தோலின் மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் முடியும்கூட அதே புரதம்தான். இந்த அளவு யூரியா அந்தப் புரதத்தின் பிணைப்பைத் தளர்த்துகிறது. பித்தவெடிப்புக் குதிகால், தடித்த உள்ளங்கால், அடை அடையாகச் செதில் படிந்த இடங்கள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

மூன்றாம் படி, 40 சதவீதமும் அதற்கு மேலும். இதைக் கிரீம் என்பதைவிடக் கரைக்கும் மருந்து என்பதே பொருத்தம். பூஞ்சணத்தால் தடித்துப்போன நகத்தை அறுவை சிகிச்சை இல்லாமல் இளக்கி எடுக்க டாக்டர்கள் இதை உபயோகிக்கிறார்கள். கெட்டிப்பட்ட காய்ப்புக்கும் உண்டு. டாக்டர் சொல்லாமல் இதை வாங்கக் கூடாது.

எண் பெரியதாக இருந்தால் குணமும் பெரியதாக இருக்கும் என்பது தவறான கணக்கு. குதிகாலுக்கு வாங்கிய 25 சதவீத கிரீமை மிச்சமிருக்கிறதே என்று கன்னத்தில் தடவினால், எரிச்சலும் சிவப்பும்தான் மிஞ்சும்.

சில அழகு கிரீம்களில் எண்ணே இருக்காது. சேர்மானப் பட்டியல் மட்டும் இருக்கும். அதில் பொதுவாக, அதிகம் சேர்ந்த பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரும். வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் யூரியாவின் பெயர் இருந்தால், அது பெயருக்குத்தான் இருக்கிறது. யூரியா விலை உயர்ந்த சரக்கு அல்ல. ஆகவே விலை அதிகமான டியூப்தான் நல்லது என்பதும் இல்லை.

எரிந்தால் என்ன செய்வது?

யூரியா கிரீம் தடவியதும் சுரீர் என்று எரிவது உண்டு. வெடித்த தோல், சொரிந்து கீறிய இடம், சிவந்து நீர் வடியும் கரப்பான், சவரம் செய்த முகம் ஆகியவற்றில் அதிகம் எரியும்.

லேசாக எரிந்து சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. தொடர்ந்து எரிந்தாலோ சிவந்தாலோ கழுவிவிட்டு, குறைந்த சதவீதத்துக்கு மாற வேண்டும். ரத்தம் தெரியும் வெடிப்பில் யூரியா வேண்டாம். முதலில் வெறும் வாசலின் தடவி வெடிப்பு மூடட்டும். பிறகு யூரியாவைத் தொடங்கலாம்.

புதிதாக வாங்கிய கிரீமை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது நல்லது. கண்ணையும் உதட்டையும் நெருங்கக் கூடாது.

கைக்குழந்தைகளுக்கு யூரியா கிரீம் கூடாது. பிஞ்சுத் தோல் மருந்தை எளிதில் உள்ளே விட்டுவிடும். அவர்களுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ போதும். பெரிய குழந்தைகளுக்கு என்ன அளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒளிந்திருக்கும் கூட்டாளிகள்

டியூபில் யூரியாவோடு வேறென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும்.

லாக்டிக் அமிலம் சேர்ந்திருந்தால் மென்மை கூடும், எரிச்சலும் கூடும். சாலிசிலிக் அமிலம் சேர்ந்திருந்தால் அது செதிலை உரிக்கும் மருந்து. உடம்பு முழுவதும் பூசக் கூடாது. குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது ஸ்டீராய்டு. பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு கிரீம். அரிப்பு இரண்டே நாளில் நின்றுவிடும். "அருமையான மருந்து" என்று வீடு முழுவதும் பூசிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, வரி வரியாகக் கிழியும். படர்தாமரை இருந்தால் அடங்கினாற்போல் காட்டி, பிறகு உடம்பெல்லாம் பரவும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இவை விற்கப்படுவதைத் தடுக்க, மத்திய அரசு 2018-ல் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. இருந்தும், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருபவர்கள்தான் பூசிக்கொள்வதற்குப் பொறுப்பாக வேண்டியிருக்கிறது. யூரியா, தன்னோடு சேர்ந்த மருந்தைத் தோலுக்குள் ஆழமாகச் செலுத்தக்கூடியது. ஆகவே யூரியாவும் ஸ்டீராய்டும் சேர்ந்த டியூபைச் சாதாரண வறட்சி கிரீமாக நினைக்கக் கூடாது.

எவ்வளவு, எப்போது?

குளித்து, உடம்பைத் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுவதும் காய்வதற்குள் தடவ வேண்டும். இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைப்பதுதான் நோக்கம். குளியல் வெதுவெதுப்பான நீரில், சுருக்கமாக முடியட்டும். இரவு படுக்குமுன் காலில் இன்னொரு முறை தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டால் பலன் அதிகம்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பெரியவர்களின் ஒரு பாதத்துக்கு இதைப்போல் இரண்டு வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் இரண்டு வேளையும் தடவினால் நாளொன்றுக்கு 4 கிராம். 50 கிராம் டியூப் 12 நாள் வரும்.

தொடை முதல் பாதம் வரை இரு கால்களுக்கும் தடவினால் ஒரு வேளைக்கே 8 கிராம் ஆகிவிடும். இரு வேளையானால் அதே டியூப் மூன்று நாளில் தீரும். ஆகவே யூரியா கிரீமைச் சொரசொரத்த இடங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு வாசலினோ எண்ணெயோ தடவுவது சிக்கனம்.

தோல் மிருதுவானதும் 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கிவிடலாம். அடியோடு நிறுத்தினால் குளிர் இருக்கும்வரை வறட்சி திரும்பி வரும்.

டியூபை வெயில் படாமல் வைக்க வேண்டும். சூட்டில் யூரியா சிதைந்து அமோனியா நெடி அடிக்கும். டில்லிக் கோடையில் மொட்டைமாடி அறையில் கிடந்த பழைய டியூபை அடுத்த குளிருக்கு எடுத்து, அப்படி நெடி வந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

"நல்லெண்ணெய் போதாதா?"

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. எண்ணெய்க்கும் வேலை இருக்கிறது. அது தோலின்மேல் படலமாக நின்று, நீர் வெளியேறாமல் தடுக்கிறது. சாதாரண வறட்சிக்கு அதுவே போதுமானதுதான். ஆனால் கெட்டிப்பட்ட செதிலை எண்ணெயால் இளக்க முடியாது. அந்த இடத்தில்தான் யூரியா தேவைப்படுகிறது.

குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவது குற்றமல்ல. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். பக்கத்து வீட்டாரைப் பார்த்துக் கடுகெண்ணெய் பூசுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கரப்பான் உள்ள தோலுக்கு அது எரிச்சலை உண்டாக்கக்கூடியது.

எண்ணெய்ப் பூச்சும் அரப்புக் குளியலும் சேர்ந்தால் பலன் பூஜ்யம். தேய்த்த எண்ணெய் முழுவதையும் அரப்பு எடுத்துவிடும். குளித்தபின் லேசாகத் தடவுவதே டில்லிக்கு ஏற்ற முறை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை

மற்றவர்களுக்குப் பித்தவெடிப்பு ஓர் உபத்திரவம். சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து.

நாள்பட்ட சர்க்கரை நோயில் கால் நரம்புகள் கெடும். வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பும் அதில் சேர்த்தி. பாதம் காயும், வெடிக்கும். வலி தெரியாது. வெடிப்பில் கிருமி புகுந்து சீழ் வைத்த பிறகு, செருப்பில் கறையைப் பார்த்துத்தான் தெரியவரும். விரலையோ காலையோ எடுக்க நேர்ந்த பல சம்பவங்களின் தொடக்கம் இப்படிப்பட்ட சிறிய வெடிப்புதான்.

வலி எத்தகைய காவல் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர்களின் கைகால் சிதைவதற்குக் காரணம் தசை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாததால் காயம்மேல் காயம் படுவதே என்று அவர் கண்டார். அதே பாடம் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பொருந்தும்.

ஆகவே அவர்கள் தினமும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துக் காயவைத்து, பாதத்தின் மேலும் கீழும் குதிகாலிலும் 10 சதவீத அளவிலான யூரியா கிரீமைத் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. ஈரம் தேங்கிச் சேற்றுப்புண் வரும். உள்ளங்காலைத் தாமாகப் பார்க்க முடியாத முதியவர்களுக்கு வீட்டில் ஒருவர் தினம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காய்ப்பையும் காலாணியையும் கரைக்கும் மருந்தோ பிளாஸ்திரியோ இவர்கள் தாமாக உபயோகிக்கக் கூடாது என்று சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு எச்சரிக்கிறது. 40 சதவீத யூரியா அந்த வகையைச் சேர்ந்தது. பிளேடால் சீவுவதும் வேண்டாம். ஹீட்டர் முன் கால் நீட்டுவதும், வெந்நீர்ப் பையை வைப்பதும் சுட்டாலும் தெரியாத காலுக்கு விபரீதம். வெடிப்பில் சிவப்போ வீக்கமோ சீழோ கண்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வறட்சிபோல் தோன்றும் வேறு நோய்கள்

முறையாகத் தடவியும் மூன்று நான்கு வாரங்களில் குறையாவிட்டால், அது வெறும் வறட்சி அல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

ஒரு பாதம் மட்டும் மாவு பூத்ததுபோல் உரிந்தால் அது பூஞ்சண நோயாக இருக்கலாம். முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிபோல் மின்னும் தடித்த செதில் இருந்தால் சோரியாசிஸ். தோல் வறட்சியோடு அசதி, உடல் பருத்தல், குளிர் தாங்காமை சேர்ந்தால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். நடுவயதுக்கு மேல் திடீரென்று உடம்பெல்லாம் மீன் செதில்போல் ஆனால், உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வெளிறிய படை, அதில் உணர்ச்சி இல்லை, வியர்ப்பதில்லை என்றால் தொழுநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மறைக்கவோ வெட்கப்படவோ இதில் ஒன்றும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். முழுக்கக் குணமாகும். டில்லியில் எய்ம்ஸ், சப்தர்ஜங் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

தீயிடம் ஜாக்கிரதை!

கடைசியாக ஒன்று. கிரீம் தடவிய உடம்போடு படும் புடவை, நைட்டி, போர்வை ஆகியவற்றில் அதன் பிசுக்கு ஊறிவிடும். அந்தத் துணி தீப்பிடித்தால் வேகமாக எரியும். வாசலின் சேர்ந்தவை, சேராதவை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. சோப்புப் போட்டுத் துவைத்தாலும் பிசுக்கு முழுவதும் போவதில்லை. குளிரில் அங்கீட்டியையும் ஹீட்டரையும் சுற்றி உட்காரும் டில்லி வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் டியூபைத் திருப்பி மூன்றைப் பார்த்தால் போதும். யூரியா எத்தனை சதவீதம்? கூடவே ஸ்டீராய்டு இருக்கிறதா? கெடு தேதி எப்போது? உடம்புக்கு 10, குதிகாலுக்கு 20 அல்லது 25, 40 என்றால் டாக்டர் சீட்டு. இவ்வளவுதான் கணக்கு.